கொடி மேலே நின்ற வீடு

தம்பியின் காரில் ஏறியதும் முதலில் என் கண்ணில் பட்டது அவனுடைய முழங்கால்கள்தான். இரண்டும் ஸ்டியரிங்கை இடித்துக்கொண்டு நின்றன. ஆறடி ஆள், சின்னப் பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிளில் ஏறிக் குந்தியிருக்கிற மாதிரி இருந்தான்.

"சீற்றைப் பின்னுக்குத் தள்ளன்ரா."

"பரவாயில்லை அக்கா."

விமான நிலையத்தில் இருந்து கிரின்ஸ்டெட்டில் உள்ள அவன் வீடு வரைக்கும் அவன் பேசியது அவ்வளவுதான். டென்மார்க் வயல்களையும் காற்றாடிகளையும் நான் தனியாக இரசித்துக்கொண்டு போனேன்.

நான் சும்மா வரவில்லை. தம்பி தவத்தின் மனுசி வசந்தி போன வருடம் மே மாதம் இறந்துபோனாள். விசாக் கடதாசிகள் சேர்வதற்குள் செத்தவீடு முடிந்துவிட்டது. பதினாறு மாதம் கழித்து இப்போதுதான் வர முடிந்தது. இவன் தொழிற்சாலை வேலையையும் விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறான், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் கதைப்பதில்லை என்று அவன் மகள் சிந்து ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அழுவாள். "மாமி, நீங்கள் வந்து ஒரு முடிவு எடுங்கோ," என்றாள். முடிவை நான் யாழ்ப்பாணத்தில், கோப்பாய் வீட்டிலேயே எடுத்துவிட்டேன். செப்டெம்பர் கடைசியில் நான் திரும்பும்போது தவமும் என்னோடு வரவேண்டும். முன்னறைக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டிலும் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். இனி அவன் "ஓம்" என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.

பத்து நாள் கேட்டேன். பத்து நாளும் "பாப்பம்" என்றான்.

சிந்து பிரெடெரிசியாவில் இருக்கிறாள், முதியோர் இல்லத்தில் தாதி வேலை. சனிக்கிழமை வந்து நிலைமையைப் பார்த்தாள். தகப்பனிடம் டேனிஷில் ஏதோ பொரிந்து தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மாமி, விசாவிலை சுற்றுலா எண்டுதானே எழுதினனீங்கள்? அப்ப சுத்துங்கோ. அப்பா கார் ஓடட்டும்." பழத்தோட்டங்கள் நிறைந்த ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வரைபடத்தைக் கையில் தந்து, மூன்று நாளுக்கு எங்கே என்ன என்று வட்டம் போட்டுக் குறித்தும் விட்டாள். அந்த ஆற்றின் பெயரை நான் சொல்லிப் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள், ஆகவே அதை இங்கே எழுதப்போவதில்லை.

கிரின்ஸ்டெட்டைச் சுற்றி எல்லாம் மட்ட நிலம். பேருந்து ஒன்றை விட்டால் மற்றதற்குள் ஒரு நித்திரை கொண்டு எழும்பலாம், கார் இல்லாதவன் பாவம். கிழக்கே கொஞ்சத் தூரம் போனதும் றோட்டு சட்டென்று பள்ளத்தில் இறங்கியது. இரண்டு பக்கமும் காட்டுச் சரிவு, நடுவில் புல்வெளி, அதன் நடுவில் ஆறு. சரிவின் வெயில் விழுகிற பக்கம் முழுக்க அப்பிள் தோட்டங்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. முப்பது வருடம் விவசாயக் கந்தோரில் இருந்து, முந்திரிகைத் தோட்டக்காரருக்குத் திராட்சைக் கொடி வெட்டச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

"தெற்கைப் பாத்த சரிவிலை வைச்சிருக்கிறாங்கள். பனி கீழை பள்ளத்துக்குப் போயிடும், பூ கருகாது. கெட்டிக்காரர்."

"ஓம்," என்றான் தவம். சரி, ஒரு ஓம் கிடைத்தது, தவறான கேள்விக்கு.

முதல் நாள் ஒரு பழைய தண்ணீர் ஆலையைப் பார்த்தோம். ஆறு இன்னும் அந்த மரச் சில்லைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அரைக்க ஒன்றும் இல்லை, பார்க்க வருகிறவர்களுக்காகச் சுற்றுகிறது. பிறகு பார்வைக் கோபுரம் ஒன்றில் ஏறினோம். அது நிற்கிற மேட்டை இங்கே மலை என்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரி நான் அதைப் பற்றிக் கதைக்கக்கூடாது, எங்களுக்கு அந்த மேடும் கிடையாது. மேலே காற்று காதை அறைந்தது. நான் கட்டிக்கொண்டுவந்த புட்டையும் மாசிச் சம்பலையும் பிரித்தேன். தவம் இந்த நாட்டுக் கறுத்த பாணில் வெண்ணெய் பூசி, ஊறவைத்த மீனை வைத்துக் கத்தியால் வெட்டிச் சாப்பிட்டான்.

"புட்டு இருக்க இதை ஏன்ரா தின்னுறாய்?"

"பழகிப்போச்சு அக்கா."

கீழே இறங்கும்போது படியில் ஒரு டேனிஷ் அம்மாள் ஒதுங்கி வழிவிட்டுத் தவத்திடம் இரண்டு வசனம் சொன்னாள். அவனும் இரண்டு வசனம் சொன்னான். என்ன என்று கேட்டேன். "நல்ல நாள், ஆனால் பின்னேரம் மழை வரும் எண்டுறா." எனக்கு எரிச்சலாக வந்தது. வானிலை கதைக்க ஆள் இருக்கிறது, அக்காவோடு கதைக்க இல்லை.

இரண்டாம் நாள் ஓடம். எங்கள் ஊரில் ஆறே இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, மழைக்கு மட்டும் ஆறு, மற்ற நேரம் மாடு கட்டுகிற இடம். அப்படி ஒரு ஊர்க்காரியை, அறுபத்து நான்கு வயதில், செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டு ஒரு நீட்டு ஓடத்தின் முன்பக்கம் இருத்திவிட்டார்கள். ஓடம் வாடகைக்குக் கொடுக்கிற பிள்ளை நீந்தத் தெரியுமா என்று கேட்டாளாம், தவம் "தெரியும்" என்று சொல்லிவிட்டான். அதை நடு ஆற்றில் வைத்துத்தான் எனக்குச் சொன்னான்.

"அறுவானே! என்னைச் சாக்கொல்லவா கூட்டிக்கொண்டு வந்தனி?"

"இடுப்பளவு தண்ணி அக்கா. எழும்பி நிண்டால் காணும்."

நான் வலித்த வலிப்பில் ஓடம் மூன்று தரம் தன்னைத்தானே சுற்றிவிட்டு நாணலுக்குள் போய்க் குத்தி நின்றது. கரையில் நின்ற மாடு ஒன்று மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. எழுபது வயது மதிக்கக்கூடிய ஒரு கணவனும் மனைவியும் தங்கள் ஓடத்தில் பூப்போலக் கடந்துபோனார்கள். அவசரம் ஒன்றும் இல்லை, ஆறு ஓடிவிடாது என்று அந்த மனுசன் சொல்லிப்போனதாகத் தவம் மொழிபெயர்த்தான்.

"கந்தோரிலை அதிகாரம் பண்ணின மாதிரி ஆத்திலையும் பண்ணுறியள்," என்றான் பிறகு. "சும்மா துடுப்பை வைச்சுக்கொண்டு இருங்கோ. வசந்தி முன்னுக்கு இருந்தால் நேராய்ப் போகும்."

பன்னிரண்டு நாளில் முதல்தரம் அவள் பெயர் அவன் வாயில் வந்தது. நான் அப்படியே விட்டிருக்கவேண்டும். விடுகிற ஆளா நான்? திரும்பிப் பார்த்து, "எல்லாத்தையும் இஞ்சை விட்டிட்டு என்னோடை வா தவம். தனிய இருந்து என்ன செய்யப்போறாய்?" என்றேன். ஓடம் ஆடியது. அவன் முகம் கதவைச் சாத்தின மாதிரி ஆகிவிட்டது. இறங்குதுறை வரைக்கும் அவனே துடுப்பு வலித்தான்.

திரும்பும் வழியில் றோட்டு ஓரத்தில் ஒரு மேசை. அதில் சின்னச் சின்னப் பெட்டிகளில் ஊதா நிற பிளம்ஸ் பழம். ஆளே இல்லை. தோட்டக்காரன் வருவான் என்று நான் காரை விட்டு இறங்கிக் காத்துநின்றேன், இரண்டு முறை "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டும் பார்த்தேன். தவம் கண்ணாடியை இறக்கினான். "ஆள் வரமாட்டினம் அக்கா. காசைப் போட்டிட்டு எடுக்கிறதுதான்." ஆளைக் காணாமல், விலை பேசாமல், ருசி பார்க்காமல் ஒரு பழம் வாங்குவது என்ன வாங்கல்? ஆனால் பழம் தேனாக இனித்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள்தான் அப்பிள். "செல்ப்ளுக்" என்று எழுதிய தோட்டங்களில் நாங்களே பறிக்கலாம், பறிக்கும்போது எவ்வளவும் சாப்பிடலாம். தோட்டத்து வீட்டு முற்றத்தில் கோப்பியும் கேக்கும் தருவார்கள், கொடி ஏற்றியிருந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம் என்று சிந்து குறிப்பில் எழுதியிருந்தாள். நானும் எழுத்து மாறாமல் நடக்கிறவள். ஒழுங்கைக்குள் திரும்பியதும் கொடி தெரிந்தது. உயரமான வெள்ளைக் கம்பத்தின் உச்சியில் சிவப்பு வெள்ளைக் கொடி. ஒழுங்கை நெடுகக் கார்கள்.

"நீ காரை எங்கையாவது விட்டிட்டு வா, நான் இடம் பிடிக்கிறன்," என்று இறங்கிப் போனேன்.

முற்றத்தில் நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, கிண்ணம் நிறைய அப்பிள், ஐந்தாறு விதமான கேக். முப்பது பேரளவில் இருந்தார்கள். எல்லாரும் கறுப்பு உடுப்பு. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை, இந்த நாட்டில் கடைக்குப் போவதற்கும் கறுப்புத்தான் உடுக்கிறார்கள். நான் குங்குமச் சிவப்பில் சல்வார் போட்டிருந்தேன். ஒரு வயதான பெண் நகர்ந்து இடம் தந்தாள், ஒருத்தி கோப்பி ஊற்றினாள். எனக்குத் தெரிந்த ஒரே டேனிஷ் சொல்லான "தக்" என்ற நன்றியைச் சொல்லிவிட்டு அப்பிள் கேக்கை எடுத்தேன். அருமையான கேக். இரண்டாவது துண்டின் பாதியில் தவம் வந்து பக்கத்தில் இருந்தான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா," என்றான் மெல்ல. "இது செத்தவீடு."

"விசர்க்கதை கதையாதை. கொடி மேலை நிக்குதே!"

"காலமை அரைக்கம்பத்திலை நிண்டிருக்கும். அடக்கம் முடிஞ்சாப் பிறகு முழுக்க மேலை ஏத்துவினம். அதுதான் இஞ்சத்தைய முறை. நாங்கள் தேடின தோட்டம் அடுத்த ஒழுங்கை."

செத்தவீட்டில் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்காத ஆள் நான். இங்கே ஒன்றரைத் துண்டு கேக். மிச்சத் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினேன்.

எழும்பலாம் என்று பார்த்தால், கோப்பிப் போத்தலோடு ஒரு மனுசன் எங்கள் முன்னால் வந்து நின்றார். எழுபத்தைந்து வயதிருக்கும், வெள்ளைச் சேட்டு, மண் காய்த்த பெரிய கைகள். தவத்திடம் ஏதோ கேட்டார். தவம் தலை குனிந்து பதில் சொன்னான். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு காரில் அவன் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"என் மனைவி கிர்ஸ்டனை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டாராம்.

"தெரியாது. மன்னிக்கவேண்டும். அப்பிள் பறிக்க வந்தோம், வழி மாறிவிட்டோம்."

மனுசன் கோபப்படுவார் என்று தவம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கதிரையை இழுத்துப் போட்டு எதிரில் இருந்துவிட்டாராம். "அப்படியென்றால் இருங்கள். காலையில் இருந்து எல்லாரும் எனக்கு அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் யாருக்காவது சொல்லவேண்டும். தெரிந்தவர்களுக்கு என்னத்தைச் சொல்ல?"

சொன்னார். அவள் நாற்பது வருடம் இந்தத் தோட்டத்தில் இருந்தும் கிளை வெட்டத் தெரியாதவளாம். பூ இருக்கிற கிளையை வெட்ட மனம் வராதாம். அதனால் ஒரு வரிசை முழுக்க அப்பிள் சின்னதாகவே காய்க்குமாம். அந்த வரிசையைத் திருத்தச் சொல்லி மகன் இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டானாம். சொல்லி முடித்துவிட்டு, "உங்கள் மனைவி?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் தவம் கதைக்கத் தொடங்கினான். டேனிஷில்தான். கால் மணித்தியாலம், இல்லை, அதற்கும் மேலே. நடுநடுவே "வசந்தி" என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. ஒரு இடத்தில் கைகளை நீட்டிக் கார் ஓட்டுகிற மாதிரிக் காட்டி, முழங்காலைத் தட்டினான். ஒரு இடத்தில் அப்பிள் ஒன்றை எடுத்துக் கீறுகிற மாதிரிக் காட்டினான், அந்த மனுசன் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு இடத்தில் தவம் அழுதான். முப்பது பேர் முன்னிலையில், தெரியாத வீட்டில், மூக்கைச் சிந்தி அழுதான். அந்தப் பெரிய கை மேசைக்கு மேலால் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைக்க விருப்பமில்லை. கூடப் பிறந்தவள், பத்தாயிரம் கிலோமீற்றர் தாண்டி வந்தவள், எனக்கு "பரவாயில்லை அக்கா". ஒரு அப்பிள் தோட்டக்காரருக்கு எல்லாம்.

அந்த மனுசனும் மற்றவர்களும் பிரசங்கம் ஏதோ கேட்கத் திரும்பிய நேரம் தவத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். செத்தவீட்டில் "போட்டு வாறம்", அதாவது போய்விட்டு வருகிறோம், என்று சொல்லக்கூடாது, எழும்பி நடக்கவேண்டியதுதான். அவனும் பழக்கதோசத்தில் எழும்பிவிட்டான். ஒருவரிடமும் சொல்லாமல், முகம் பார்க்காமல், ஒழுங்கைக்கு வந்துவிட்டோம். கார்க் கதவைத் திறக்கும்போது பின்னால் சரளைக் கல்லில் ஓட்டச் சத்தம். அந்த மனுசன்தான். மூச்சு வாங்க, ஒரு துணிப்பை நிறைய அப்பிளோடு.

யாராவது மனம் நோகும்படி ஏதாவது சொல்லிவிட்டார்களா, ஏன் சொல்லாமல் போகிறீர்கள் என்று கேட்டார். இங்கே எழும்பிப் போகிறவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டுமாம். தவம் எங்கள் வழக்கத்தை விளக்கினான். இழவு நடந்த வீட்டுக்குத் திரும்பி வருவேன் என்று சொல்லுவதில்லை, வந்தால் இன்னொரு இழவுக்குத்தானே வரவேண்டியிருக்கும் என்ற பயம். மனுசன் தலையை ஆட்டி யோசித்தார்.

"எவ்வளவு நாளைக்கு இந்தச் சட்டம்?"

"முப்பத்தொரு நாள்."

"நல்லது. ஒக்டோபரில் பிந்திப் பழுக்கிற அப்பிள் தயாராகும். கிர்ஸ்டனின் வரிசை. அதைப் பறிக்க எனக்கு ஆள் இல்லை. அப்போது முப்பத்தொரு நாள் முடிந்திருக்கும்."

தவம் கொடியைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். டேனிஷில் மூன்று சொல் சொல்லிக் கை கொடுத்தான்.

கார் புறப்பட்டதும் கேட்டேன். "கடைசியா என்ன சொன்னனி?"

"வாறன் எண்டு சொன்னன்."

"எப்ப?"

"ஒக்டோபரிலை."

செப்டெம்பர் கடைசியில் அல்லவா நாங்கள் போகவேண்டும்! என் மறுமொழி கிடைத்துவிட்டது, ஆனால் யாருக்கோ சொன்ன மறுமொழி. "என்னட்டைச் சொல்ல வாய் வரேல்லை, ஆரோ வெள்ளைக்காரக் கிழவனிட்டைச் சொல்லுறாய்," என்று கத்தினேன். வெள்ளையடித்த அறையைச் சொன்னேன், கட்டிலைச் சொன்னேன். தவம் காரை ஆற்றோரமாக நிறுத்தினான்.

"அக்கா, உங்களோடை கதைச்சால் நீங்கள் உடனை ஒரு வழி சொல்லுவியள். அந்தாள் ஒண்டும் சொல்லேல்லை, கேட்டுக்கொண்டு இருந்தார்," என்றான். பிறகு, "வசந்தியின்ரை செத்தவீட்டுக்கு இருநூறு சனம் வந்தது. பிராண்டேயிலை இருந்து, பிரெடெரிசியாவிலை இருந்து, எல்லா இடத்திலை இருந்தும். எல்லாரும் சொல்லாமல்தான் போனவை. சரி, அதுதான் முறை. ஆனால் அதுக்குப் பிறகு ஒருத்தரும் வரேல்லை அக்கா. என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல் வரேல்லையாக்கும். முப்பத்தொண்டு முடிஞ்சும் என்ரை வீட்டிலை ஆரும் 'போட்டு வாறன்' எண்டு சொல்லேல்லை."

அப்போதுதான் காரைப் பற்றியும் சொன்னான். அது வசந்தியின் கார். மூன்று தரம் தவறி, ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்தவள். குட்டையானவள், இருக்கையை நன்றாக முன்னுக்கு இழுத்துவைத்திருந்தாள். கடைசியாக அவள் வைத்த இடத்திலேயே அது நிற்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பையில் இருந்து ஒரு அப்பிளை எடுத்துத் துடைத்துக் கடித்தேன். புளிப்பு முன்னுக்கு வந்தது, இனிப்புப் பின்னால் வந்தது.

"அப்பிளைக் கீறிக் காட்டினியே, அது என்ன?"

"வசந்தி அப்பிளைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத்தான் தின்னுவா, மாங்காய் மாதிரி. அந்தாள் நம்பேல்லை."

என் கைப்பையில் புட்டுக்கென்று கொண்டுவந்த மிளகாய்த்தூள் கடதாசிச் சரை இருந்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருவரும் அந்தத் துணிப்பை அப்பிளில் பாதியை முடித்தோம். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓடியது, யாருக்கு எதனால் என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.

போகிற நாள் காலையில் சிந்து என்னைக் கூட்டிப்போக வந்தாள். தவமும் வெளிக்கிட்டு நின்றான். நான் வேண்டாம் என்றேன். "நீ விமான நிலையத்துக்கு வராதை. வாசலிலை நில்." ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவனுடைய கார் பக்கத்தில் நின்றது. இருக்கை அதே இடத்தில்தான் இருந்தது. தள்ளடா என்று நானும் சொல்லவில்லை.

பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, வாசலில் அவனுக்கு நேரே நின்றேன்.

"தம்பி, போட்டு வாறன்," என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டுகிற இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

தவத்தின் வாய் கோணியது. அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஓம் அக்கா. வாங்கோ."

கார் நகரத் தொடங்கியதும் ஓடிவந்து கண்ணாடியில் தட்டினான். இறக்கினேன்.

"வரேக்கை மிளகாய்த்தூள் கொண்டுவாங்கோ," என்றான். "கிழவனுக்கும் சேர்த்து."